தொப்பிக்குள்ள யாரு தோலு?

ஏலே பேராண்டி, நீ சுதந்திரம் சுதந்திரம்னு குதிக்கியே, கேளு. பிரான்ஸ் தேசத்துல 1792 ஜூன் மாசம், கூட்டம் அரண்மனைக்குள்ள புகுந்து பதினாறாம் லூயி ராசா தலையில ஒரு செவப்புக் குல்லாவ மாட்டிட்டு. சுதந்திரக் குல்லாவாம். அவரும் சிரிச்சமானைக்கு போட்டுக்கிட்டு, நாடு நல்லாருக்கணும்னு சொல்லி ஒயினும் குடிச்சாரு. ஏழே மாசம். குல்லா வைக்க எடமில்லாமப் போச்சு.

அந்தக் குல்லாவுக்கு மூலம் ரோமாபுரி. அடிமைய விடுதலை பண்ணும்போது தலையில கவுத்துத குல்லா. சீசரைக் குத்துன புரூட்டஸ், காசுல ரெண்டு குத்துக்கத்திய அடிச்சு, நடுவுல அந்தக் குல்லாவையும் அடிச்சு விட்டான். பெரிய தியாகின்னு நினைச்சுராத. சைப்ரஸ் தீவுல ஒரு ஊருக்கு நூத்துக்கு 48 வட்டிக்குக் கடன் குடுத்தவன் அவன். நம்மூரு கந்துவட்டிக்காரன் கூட வாசல்ல குல்லா படம் மாட்டுததில்ல. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. கிளை நூலகத்துல காத்தாடி நல்லா ஓடும்லா.

லண்டன் அரண்மனை வாசல்ல சிப்பாய் தலையில ஒரு முழ ஒசரத்துக்குக் கருப்பா நிக்குதே, அது கரடித் தோலு. 1815-ல வாட்டர்லூ சண்டையில நெப்போலியனோட காவல்படைய விரட்டுனதுக்குக் கெடச்ச மரியாதை. தோலு மட்டும் கனடாக் காட்டுது. தொப்பி ஒண்ணுக்குக் கரடி ஒண்ணாவது வேணும். நெப்போலியனுக்கும் கனடாக் கரடிக்கும் என்னலே வாய்க்கா வரப்புத் தகராறு?

நம்ம தேசமும் லேசுப்பட்டதில்ல. வடக்க கரடிய குட்டியிலேயே புடிச்சு, பல்லைத் தட்டி, மூக்கத் தொளைச்சுக் கயிறு கோத்து ஆட விட்டாவ. 1972-லயே சட்டம் வந்துட்டு. கடைசிக் கரடிய மீட்டாச்சுன்னு சொன்னது 2009-ல. சட்டம் நடந்து வந்திருக்கும்போல. கயிறை அவுத்தாலும் அதுக காட்டுக்குப் போக முடியல. ஆக்ராவுலயும் பன்னேர்கட்டாவுலயும் கஞ்சி குடிச்சுக்கிட்டுக் கெடக்கு. அதுல சிலது, புடிச்சு இழுக்க ஆளே இல்லாம, நின்ன எடத்துலயே தலைய ஆட்டிக்கிட்டிருக்குமாம்.

நீ தென்காசியில சோத்துப் பொட்டலம் கொண்டு குடுக்க. "எனக்கு நானே முதலாளி தாத்தா, நெனச்சாப் போவேன், நெனச்சா வருவேன்"ங்க. நல்லது. தொப்பியும் சட்டையும் உன் சம்பளத்துல புடிச்சுக்கிட்டாவளா, சும்மா தந்தாவளா? கதவத் தொறக்கவன் கிட்டல்லாம் அஞ்சு ஸ்டார் போடச் சொல்லிக் கும்புடுதியாமே?

நம்ம மேற்கு மலைக் கரடியப் பாரு. முண்டந்துறைக் காட்டுலேருந்து எறங்கி, கரையானத் தின்னும், பலாப்பழத்தப் பிளக்கும். சட்டத்துல அதுக்கு முதல் அட்டவணையில எடம். உனக்கும் எனக்கும் எந்த அட்டவணையில எடம் இருக்கு?

போன் கத்துது பாரு. இன்னைக்கு லீவுன்னுதானே சொன்ன? இன்சென்டிவ் போயிருமா? அட, செருப்பையே மாட்டிட்டியே! சரி, போயிட்டு வா. புளியந்தோப்பு வளைவுல மட்டும் மெதுவாப் போ. கரடி நின்னா நீதான் வழி விடணும். அதுக்கு எந்த அவசரமும் கெடையாது.