அறுபது நாள் விருந்தாளி

தாய்லாந்தில் நெடுநாள் தங்கும் பயணி இருவகைப்படுவார்: விசா விலக்கில் வருபவர், சுற்றுலா விசாவில் வருபவர். முன்னவர் பாஸ்போர்ட்டை நீட்டுவார், முத்திரை விழும், உள்ளே போவார். பின்னவர் வங்கிக் கணக்கு விவரம், தங்குமிடச் சான்று, புகைப்படம் என்று ஒவ்வொன்றாகப் பதிவேற்றுவார், பணம் கட்டுவார், தினமும் காலையில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார், கடைசியில் அதே வரிசையில் நின்று, அதே மாதிரி பாஸ்போர்ட்டை நீட்டி, அதே அளவு முத்திரையைப் பெற்று உள்ளே போவார். பின்னவருள்ளும் முன்னவரைப் பார்த்து வயிறெரிவோர் என்று ஓர் உட்பிரிவு உண்டு. இதை எழுதுபவர் போன மாதத்திலிருந்து அதில் அடக்கம். இரண்டில் எது மேல் என்பது இக்கட்டுரையின் முடிவில் தெரிவிக்கப்படும்.

முதலில் நாள் கணக்கு. 2024 ஜூலை 15 அன்று 93 நாடுகள், ஆட்சிப்பகுதிகளின் பாஸ்போர்ட்டுகளுக்கு விசா விலக்கு 60 நாள் ஆயிற்று. இந்தியாவும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. இந்தியருக்கு 2023 நவம்பரில் தற்காலிகமாகத் தொடங்கிய சலுகை, நீட்டிப்பின்மேல் நீட்டிப்பு பெற்று, இதில் வந்து கலந்தது. ஒருமுறை நுழைவதற்கான சுற்றுலா விசா தருவதும் 60 நாள்தான். இருவரும் இமிக்ரேஷன் அலுவலகத்தில் 1,900 பாட் கட்டினால் இன்னொரு 30 நாள். ஆக அவருக்கும் 90, இவருக்கும் 90. முன்பெல்லாம் விசா வாங்கியவருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு முழுப் பக்கத்தை அடைத்து ஸ்டிக்கராவது ஒட்டினார்கள். ஊருக்குப் போனால் சித்தப்பாவிடம் காட்டலாம். 2025 தொடக்கத்தில் எல்லாத் தூதரகங்களும் மின்விசாவுக்கு மாறியபின் கிடைப்பது ஒரு பிடிஎஃப். அதையும் வாங்கியவரே தம் செலவில் பிரிண்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த எண்கள் அச்சேறுவதற்குள் மாறிவிட்டால் வியப்பதற்கில்லை. இத்துறையில் அதுதான் மரபு.

அப்படியானால் விசா எதற்கு? மரியாதைக்கு என்பார்கள். ஒரு தூதரகம் ஏற்கெனவே காகிதங்களைப் பார்த்து ஒப்புக்கொண்ட ஆள் என்பதால் எல்லை அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகுமாம். விலக்கிலேயே திரும்பத் திரும்ப வருகிறவரைத்தான் ஓரமாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்களாம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் விசா இருந்தாலும் உள்ளே விடுவதும் விடாததும் எல்லை அதிகாரியின் முடிவே. தவிர, அந்த மரியாதை அதிகாரி இருக்கும் இடம்வரை போய்ச் சேர வேண்டுமே. வழியில் விமான நிறுவனத்தின் கவுண்டர் இருக்கிறது. அங்கே அதிகாலை மூன்றரை மணிக்கு, விசாவின் இரண்டு பிரதிகளோடு நின்ற ஒருவரிடம், “ரிட்டர்ன் டிக்கெட்?” என்று கேட்கப்பட்டது. விசா இருக்கிறதே என்று அவர் சொன்னார். “சரி சார், ரிட்டர்ன் டிக்கெட்?” என்று மறுபடி கேட்கப்பட்டது. பக்கத்துக் கவுண்டரில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு பிள்ளை, விசாவாவது மண்ணாவது என்கிற தோரணையில் கைப்பேசியை ஒரு தரம் காட்டிவிட்டு, ஜன்னலோர இருக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனது. அது காட்டியது வாடகை டிக்கெட்.

திரும்பும் டிக்கெட்டைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்த உறவினரிடம் “எப்ப வந்தீங்க?” என்பதையும் “எப்ப ஊருக்கு?” என்பதையும் ஒரே மூச்சில் கேட்கும் வழக்கத்தின் பன்னாட்டு வடிவம் இது. எல்லையில் திருப்பி அனுப்பினால் ஏற்றி வந்த நிறுவனமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதால் கவுண்டரில் கேட்கிறார்கள்; டைமாட்டிக் என்ற விதித்தொகுப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள். ஆகவே தங்குவதற்கென்றே கிளம்புகிறவர் முதலில் தாம் போய்விடப் போவதை நிரூபித்தாக வேண்டும்.

இந்த டிக்கெட் நால்வகைப்படும். ஒன்று மெய்ச்சீட்டு; நெடுநாள் பயணிகளிடம் அபூர்வம். இரண்டு மலிவுச்சீட்டு. பாங்காக்கிலிருந்து அன்றைக்கு எந்த ஊருக்குக் கட்டணம் குறைவோ அந்த ஊருக்கு வாங்குவது. ஊர் முக்கியமில்லை, கோலாலம்பூர், வியந்தியான், நாம்பென் எதுவாகவும் இருக்கலாம். காகிதத்தில் ஒன்பது தரம் நாம்பென் போனவருக்கு அங்கே தோன்லே சாப் ஆறு மீகாங்கில் கலப்பது தெரியாது. ஆனாலும் நாளடைவில் ஒரு பாசம் வந்துவிடும். நாம்பென்னில் மழை வெள்ளம் என்று செய்தி வந்தால், சியாங் மாயில் உட்கார்ந்து காவ் சோய் சாப்பிட்டுக்கொண்டே, “அடடா, நம்ம ஊராச்சே!” என்பார். அதே நேரத்தில் அவர் பெயருக்கு வாங்கிய இருக்கை காலியாக அங்கே போய் இறங்கியிருக்கும்.

மூன்றாவது வாடகைச்சீட்டு. கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொள்வது போன்றது. முன்பதிவு மெய்; எண்ணைத் தட்டிப் பார்த்தால் பெயர் வரும்; இரண்டு நாளில் தானே காலாவதியாகும். ஒரு பிரியாணி விலை. நகைக்குரிய பயங்கள் எல்லாம் இதற்கும் உண்டு. விமானம் தாமதமானால் முகூர்த்தத்துக்கு முன்பே நகைக்காரர் வந்து கழற்றிக்கொண்டு போய்விடுவார். நான்காவது பொய்ச்சீட்டு: போன தடவை டிக்கெட்டில் தேதியை மட்டும் திருத்துவது. கவுண்டர்க்காரர் எண்ணைத் தட்டிப் பார்க்கும்வரை இது மிகச் சிறந்தது.

இந்த நான்கிலும் அடங்காத ஐந்தாவது ஒன்று உண்டு, அவசரத்தில் பிறப்பது. கவுண்டர் வரிசையை விட்டு ஓரமாக வந்து, பெட்டிமேல் உட்கார்ந்து, கட்டைவிரலால் பாஸ்போர்ட் எண்ணை மூன்று முறை தப்பாக அடித்து, ‘முழுத் தொகை திருப்பித் தரப்படும்’ என்ற டிக்கெட்டைப் பினாங்குக்கு வாங்குவது. போர்டிங் பாஸ் கைக்கு வந்ததும் அதை ரத்து செய்வது. தொகை சில வேலை நாட்களில் வரும் என்று ஒரு மின்னஞ்சல் வரும். மின்னஞ்சல் உடனே வந்தது. தொகை இதை எழுதும் நாள்வரை வரவில்லை.

இப்பகுதி நீண்டுவிட்டது. ஆயினும் தேதியைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. விலக்கில் வருகிறவரின் டிக்கெட் 60 நாளுக்குள் இருக்க வேண்டும். வந்து இறங்கும் நாளே முதல் நாள். நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முத்திரை வாங்கினால் அந்தப் பத்து நிமிடமும் ஒரு நாள். இது தெரியாமல் விரல்விட்டு எண்ணியவர்கள் 61ஆம் நாளுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டு கவுண்டரில் நிற்கிறார்கள். அவர்களுக்கும் ஐந்தாவது வகைதான் கதி.

அடுத்தது எல்லை தொட்டுத் திரும்புதல். இதன் பொற்காலம் 2006க்கு முன்பு: 30 நாளைக்கு ஒருமுறை பாலத்தைத் தாண்டித் திரும்பினால் மறுபடி 30 நாள், முடிவே கிடையாது. 2006 அக்டோபரில் 180 நாளில் 90 நாள்தான் என்றார்கள். 2008 நவம்பரில் அதை எடுத்துவிட்டு, தரைவழி வந்தால் 15 நாள்தான் என்றார்கள். 2016 இறுதியில் தரைவழி விலக்கு ஆண்டுக்கு இரண்டே தரம் என்று வந்தது. அதுவரை சியாங் மாயிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் வேனில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, மே சாய் பாலத்தைக் கடந்து, மியன்மார் பக்கம் தாச்சிலேக்கில் 500 பாட் கொடுத்து, நாலு கடை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பிய தலைமுறை ஒன்று இருந்தது. அவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். இடுப்பு வலியைப் பற்றிப் பேசினால் மே சாய் என்பார்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பக்கத்துக் கணக்கு. தாய்லாந்து அதை அறுபதாக்கியது பெருந்தன்மைதான். ஆனால் அங்கே சுற்றுலாத் துறை மாமியார் மாதிரி வா வா என்கிறது, இமிக்ரேஷன் நாத்தனார் மாதிரி, “போன மாசம்தானே வந்தீங்க?” என்கிறது.

சுற்றுலா விசாக்காரர் எல்லை வேனைவிட்டுத் தப்பினாலும் பயணத்தைவிட்டுத் தப்பவில்லை. விசா கேட்கிறவர் தாய்லாந்துக்கு வெளியே இருந்தாக வேண்டும். பினாங்கிலுள்ள தாய்த் துணைத்தூதரகம் இதற்குப் பல்லாண்டுகளாகப் பெயர் பெற்றது. முன்பெல்லாம் காலையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு இடைப்பட்ட நேரத்தில் ஜார்ஜ் டவுனைச் சுற்ற முடிந்தது. இப்போது எல்லாம் இணையத்தில் என்பதால், பினாங்கு போய் விடுதி அறைக்குள் உட்கார்ந்து கைப்பேசியில் பதிவேற்ற வேண்டும். அறையைவிட்டு வெளியே வர ஒரே காரணம் நாசி கந்தார். தமிழ் முஸ்லிம்கள் காவடியில் சோறும் குழம்பும் சுமந்து விற்ற காலத்தில் பிறந்த அந்தச் சாப்பாட்டை முன்னிட்டு இந்த வழியை ஓரளவு மன்னிக்கலாம்.

அடுத்து, எல்லையில் காட்ட வேண்டிய கைப்பணம்: தலைக்கு 20,000 பாட், குடும்பத்துக்கு 40,000. அட்டையைக் காட்டினால் போதாது, நோட்டாகக் கேட்கலாம். பணவசதி இல்லாதவரைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் 1979ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. தாய்க் கணக்கில் அது 2522ஆம் ஆண்டுச் சட்டம். பெரும்பாலும் கேட்பதில்லை. கொண்டு போகாத நாளில் கேட்பார்கள்.

பலமுறை நுழையும் சுற்றுலா விசா 2015 நவம்பரில் வந்தது. ஆறு மாதம் செல்லும். 2024 ஜூலையில் டிடிவி என்ற ஐந்தாண்டு விசா வந்தது. கட்டணம் 10,000 பாட், ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள், கணக்கில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். அவ்வளவு இருப்பு உள்ளவர் இதுவரை படித்ததே அதிகம்.

எது மேல் என்று சொல்லுமுன் நீட்டிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அனுமதித்த நாள் முடிவதற்குள் இமிக்ரேஷன் அலுவலகத்துக்குப் போக வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம், 20,000 வரை ஏறும். டிஎம் 7 என்ற படிவம், பாஸ்போர்ட் நகல்கள், 1,900 பாட், ஒரு புகைப்படம். விலக்கில் வந்தவரும் விசாவில் வந்தவரும் ஒரே நாற்காலி வரிசையில்தான் உட்கார்கிறார்கள். புகைப்படம் 4க்கு 6 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுபோன பாஸ்போர்ட் அளவுப் படம் செல்லாது.