ஆவாரைக்கு ஒரு 17-பி

தூத்துக்குடி மாவட்டத்துக் கீழவைப்பாருக்குப் போகும் வழியில், உப்பளத்துக்கும் கரிசலுக்கும் நடுவே மஞ்சள் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடிக்கு, அரசு ஊழியருக்குத் தரும் 17-பி மெமோவை இன்னும் கொடுக்காமல் இருப்பது நிர்வாகத்தின் அலட்சியம். குற்றச்சாட்டுகளை நானே எழுதித் தருகிறேன்.

ஒன்று: யாரும் நடாமல் முளைத்தது. குழி தோண்டிய பில் இல்லை. மண்வெட்டியோடு போட்டோ எடுக்க அமைச்சர் வரவில்லை.

இரண்டு: தண்ணீர் கேட்பதில்லை. ஆடு மாடும் அவ்வளவாகக் கடிப்பதில்லை. தண்ணீர் லாரிக்கும் கம்பிக் கூண்டுக்கும் டெண்டர் விட வழியில்லாமல் கான்ட்ராக்டர்கள் வயிற்றில் அடித்தது.

மூன்று: உள்ளூர்ச் சரக்காகப் பிறந்தது. சென்னை மாகாணத்துத் தோல் ஷாப்புகள் இதன் பட்டையை நம்பித்தான் ஓடின. பிறகு தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை உசத்தியானது; அந்த மரத்தையே நீலகிரிப் புல்வெளியில் நட்டார்கள். இப்போது அதைப் பிடுங்கத் திட்டம். சமவெளிக்கு வாய்த்தது சீமைக்கருவேலம். 1877-ல் கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொன்னது. அதே ஆண்டு உயர் நீதிமன்றமே தடையும் போட்டது. மரம் மட்டும் எந்த உத்தரவுக்கும் காத்திருக்காமல் பரவியது.

நான்கு: தரிசில் குடியிருப்பது. மத்திய அரசின் தரிசுநில அட்லஸில் புதர்நிலமும் தரிசுதான். அங்கே வேம்பூர் ஆடு மேய்ந்ததும் கவுதாரி முட்டையிட்டதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் காற்றாலையும் சூரியத் தகடும் வந்தால் மட்டும் அதே மண்ணுக்கு விலை பிறக்கும். வெளிமானுக்கு வல்லநாட்டில் சரணாலயம் இருக்கிறதே என்பார்கள். அந்தச் சில சதுர கிலோமீட்டரைக் காட்டியே மாவட்டத்தின் மிச்சப் புல்வெளியை ஏலம் போடலாம்.

போதும். தெரிந்தே செய்கிற அழிப்பு இது. மேய்க்கால் புறம்போக்கை எந்த ஊர் ஆட்டுக்காரரைக் கேட்டுக் கைமாற்றினீர்கள்? மின்சாரம் வேண்டாம் என்று எவன் சொன்னான்? மேய்ச்சல் தரை தவிர வேறு இடமே உங்கள் கண்ணில் படாதா? பூ நின்ற காட்டை பொக்லைன் வைத்து வழித்துவிட்டு, போகிக்குக் காப்புக் கட்ட அதே பூவை மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்குகிறோம். சர்க்கரைக்கு நல்லதென்று பாக்கெட்டில் வாங்கிக் குடிக்கிறோம்.

சங்க காலத்தில் காதலுக்காக வெட்கத்தை விட்டவன் ஆவிரம்பூ மாலை சூடி, பனைமடல் குதிரையேறித் தெருவுக்கு வருவான். இன்று வெட்கத்தை விட்டவர்கள் அரசாங்கக் காரில் வருகிறார்கள். கழுத்தில் ரோஜா மாலை.