ஆள் யார் என்று தெரிந்தால் போதும்

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கிய சமயம், அந்தப் பக்கம் முளைத்த உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். கம்பெனி பஸ்ஸில் ராஜேஷ்குமார் நாவல் சீட்டுக்குச் சீட்டு கைமாறும். முந்தின நாளே படித்து முடித்தவனுக்குத் தனி மரியாதை. கொலைகாரன் பெயரை அவன் உளறாமலிருக்க டீ வாங்கித் தருவோம்.

மொழிபெயர்ப்பு என்றால் ஒதுங்கிவிடுவோம். பெயர்கள் வாயில் நுழையாதாம். இந்தச் சங்கடத்தை ஆரணி குப்புசாமி முதலியார் அந்தக் காலத்திலேயே தீர்த்துவைத்தார். ஷெர்லக் ஹோம்ஸை ஆனந்தசிங் ஆக்கிவிட்டார். வாசகன் நாக்கு பிழைத்தது.

இன்று ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்றால் கொரியாவும் ஜப்பானும் காரில் போகின்றன. மேலதிகாரிகளின் பெயர்கள் எங்களுக்குச் சரளம். தஸ்தயேவ்ஸ்கியின் நாயகன் ரஸ்கோல்னிகோவ் மட்டும் இன்னும் நுழைய மாட்டேன் என்கிறான்.

அதே ஆரணியில் இன்னொரு குப்புசாமி, ஜி. குப்புசாமி. ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ நாவலைப் பெயர்களில் கைவைக்காமல் தமிழில் தந்தார். தொடக்கத்திலேயே கிணற்றுக்குள் கிடக்கும் பிணம் பேசுகிறது. நடுநடுவே கொலைகாரனும் பேசுகிறான். அவன் யாரென்று கடைசியில்தான் தெரியும். பாக்கெட் சைஸில், ரத்தம் சொட்டும் அட்டையோடு வந்திருந்தால் மூன்று ஷிஃப்ட்டும் படித்திருக்கும். நோபல் பரிசு வாங்கியவர் என்ற செய்திதான் காரியத்தைக் கெடுத்தது.

ரஸ்கோல்னிகோவ் வரும், எம்.ஏ. சுசீலா மொழிபெயர்த்த ‘குற்றமும் தண்டனையும்’ இன்னும் மோசம். ஆறு பாகத்தில் முதல் பாகத்திலேயே கொலை, கொலைகாரன் இரண்டும் தெரிந்துவிடும். மிச்சமெல்லாம் ஏன், ஏன் என்ற குடைச்சல். பக்கத்து சீட்டு நண்பரிடம் கொடுத்தேன். “அதான் ஆள் தெரிஞ்சுபோச்சே சார், அப்புறம் என்ன இருக்கு?” என்று திருப்பித் தந்தார்.

அவர் குவாலிட்டி பிரிவு. டொயோட்டா உலகுக்குக் கொடுத்த ‘ஐந்து ஏன்’ அவர் தலைக்கு மேலேயே போர்டாகத் தொங்குகிறது: ஆளைத் தேடாதே, காரணத்தைத் தேடு, கிடைக்கும் ஒவ்வொரு பதிலையும் மறுபடி ஏன் என்று கேள். பீஸ் ரிஜெக்ட் ஆனால் அந்தப் போர்டின் கீழேதான் மீட்டிங். முதல் கேள்வி, “எந்த ஷிஃப்ட்? மெஷின்ல யாரு?” பெயர் கிடைத்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஐந்து ஏனையும் டிரெய்னி பையன் படிவத்தில் எழுதிக்கொள்வான்.

தஸ்தயேவ்ஸ்கி எங்களிடம் வேலை பார்த்திருந்தால் நாவல் ஒரே பக்கத்தில் முடிந்திருக்கும். ஆபரேட்டர்: ரஸ்கோல்னிகோவ். எடுத்த நடவடிக்கை: மறுபயிற்சி அளிக்கப்பட்டது.