மீன்தொட்டியில் கலிங்கு அமைத்தல்: வரலாற்று, நீரியல், குடும்பவியல் நோக்கு

ஏரிக்கு மதகு உழவனுக்காக, கலிங்கு கரைக்காக. மிகை நீர் கரையை உடைக்காமல் தானே வழிந்தோட முன்னோர் வைத்த வாயில் அது. நெல்லைப் பக்கம் மறுகால் என்பர். இத்தனை தொன்மையான துறையில், மூன்றேகால் அடி நீள ஏரியொன்றை, அதாவது எங்கள் கூடத்து மீன்தொட்டியை, எவரும் ஆராயாதது வியப்பே.

ஆய்வுக்களம் சென்னை, இரண்டாம் மாடி. தொட்டி 100 செ.மீ. நீளம், 40 அகலம், 50 உயரம். குடிகள்: ஏஞ்சல் நான்கு, கப்பிகளின் தொகை ஏஞ்சல்களின் பசியைப் பொறுத்தது. மீன் கழிவில் பிறக்கும் அமோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக்கி, பின் நைட்ரேட்டாக்கும். அதோடு கைவிரித்துவிடும். நைட்ரேட்டை வெளியேற்றுவது வாளி தூக்கும் குடும்பத் தலைவனின் கடமை.

வாளியை ஒழிக்க, மணிக்கு 2 லிட்டர் சொட்டும் தோட்டத்து டிரிப்பரை மாட்டினேன். நாளுக்கு 48 லிட்டர். ஆனால் புதுநீர் கலந்தபடியே வழிவதால், 180 லிட்டரில் உண்மையில் அகலும் பழைய நீர் 42 லிட்டர்தான். மீதி ஆறு லிட்டர் வந்த சுவடு தெரியாமல் போகிறது.

வழிந்தோடும் வகை குறித்து இரு சம்பிரதாயங்கள் உண்டு. சைஃபன் சம்பிரதாயத்தார் கண்ணாடியைத் தொடார். விளிம்பின்மேல் வளைகுழாய் மாட்டி நீரை ஏறி இறங்கச் செய்வர். துளைச் சம்பிரதாயத்தார் கண்ணாடியில் ஓட்டை போட்டு டேங்க் நிப்பிள் பூட்டுவர். இது வடகலை, தென்கலையாரின் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி நியாயங்களோடு ஒப்புநோக்கத்தக்கது. சைஃபன் குரங்குக்குட்டி: தானே இறுகப் பற்றியிருக்க வேண்டும். வளைவில் காற்றுக்குமிழி சேர்ந்தால் பிடி விட்டது. சொட்டு வேகத்தில் குமிழியை அடித்துச் செல்ல நீருக்குத் தெம்பிராது. துளை பூனைக்குட்டி: புவியீர்ப்பு கவ்விக்கொண்டு போகும். பிறப்பால் எக்கலையாயினும் குழாயால் நான் தென்கலை.

துளையிட வந்தவர் முதலில் கேட்டது, "டஃபன் கிளாஸா சார்?" அதில் பிட் பட்டால் மொத்தமும் பொடியாகிவிடும். சாதாரணக் கண்ணாடிதான் என்றேன். "இருந்தாலும் உடைஞ்சா நான் பொறுப்பில்ல." காலித் தொட்டியைச் சாக்கின்மேல் படுக்க வைத்து, எங்கள் வீட்டுச் சப்பாத்தி மாவாலேயே வட்டமாகக் கரை கட்டி, நடுவில் நீரூற்றி, வைரத்தூள் பதித்த பிட்டை அழுத்தாமல் சுற்றவிட்டார். வெள்ளைச் சேறு பொங்கியது. கடைசியில் நாலணா அளவு சில்லு ஒன்று உள்ளே விழுந்தது. நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது துளையின் நடு அன்று, கீழ் விளிம்பு. அது 45 செ.மீ.யில் நின்றது.

மேலே மிச்சம் 5 செ.மீ. ஒரு செ.மீ.க்கு 4 லிட்டர் வீதம் 20 லிட்டர். கலிங்கு அடைத்தால் பத்து மணி நேர அவகாசம். இதைத் தாளில்தான் கண்டறிந்திருந்தேன். ஓரிரவு பத்து மணிக்குமேல் வாலிஸ்னேரியா இலையொன்று கலிங்கு வலையில் படுத்துக்கொண்டது. பழைய கலிங்குகளில் வரிசையாகக் கல் நட்டு, இடையே மண் அடைத்து நீரைக் கூட்டிச் சேர்ப்பார்கள். வெள்ளம் வந்தால் மண்ணைத் தட்டிவிடுவார்கள். இலை மண்ணின் வேலையைச் செய்தது. தட்டிவிட வேண்டியவன் தூங்கினான். காலை எட்டரைக்கு மனைவி எழுப்பினாள்: "ஏங்க, உங்க மறுகால் கூடத்துல பாயுது." இரண்டு செ.மீ. மேலே இன்னொரு துளை போட்டோம். அதற்கு வலை இல்லை. தப்பிக்கிற கப்பி தப்பிக்கட்டும்.

ஒலியியல் சிக்கலும் எழுந்தது. கலிங்கு நீர் விழும் பால்கனி வடிகால் ஜாலியில் இரவெல்லாம் டொக், டொக். குழாய் வாயிலிருந்து தரைவரை ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட, நீர் நூலோடு சத்தமின்றி இறங்கியது. இவ்வாய்வின் ஒரே முழு வெற்றி இதுதான்.

2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டு, தெருவே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தபோது டிரிப்பரை மூட நேர்ந்தது. மறுபடி திறக்க மனைவி ஒரு நிபந்தனை விதித்தாள்: ஒரு சொட்டும் ஜாலிக்குப் போகக் கூடாது, எல்லாம் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும். நைட்ரேட் செடிக்கு உரம் என்பதால் மறுக்க வழியில்லை. எனவே நூலுக்குக் கீழே 15 லிட்டர் வாளி வைத்திருக்கிறோம். ஏழரை மணி நேரத்துக்கு ஒருமுறை அது நிரம்பும். தூக்கிப்போய் ஊற்ற வேண்டும். வாளிக்குக் கலிங்கு அமைப்பது தனி ஆய்வுக்குரியது.