மணியாச்சியில் இரண்டாவது ஆள்

துப்பறியும் கதையில் துணைப் பாத்திரம் எதற்கு, சும்மா பக்கத்தை நிரப்பத்தானே என்று சலித்துக்கொள்ளும் அண்ணாச்சிகள் எங்கள் மாப்பிள்ளையூரணியிலும் உண்டு. அவர்களை ரயிலேற்றி, 1911 ஜூன் 17 காலையில் மணியாச்சி ஜங்ஷனில் இறக்கிவிட வேண்டும்.

கலெக்டர் ஆஷ் துரை மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். போக வேண்டியது கொடைக்கானலுக்கு. தூத்துக்குடியிலிருந்து போட் மெயில் வந்து சேர வேண்டும். அதுவரை காத்துக் கிடக்க வேண்டியதுதான், துரையாக இருந்தாலும். வெளியே இரண்டு பேர் வருகிறார்கள். குடுமி வைத்த இளைஞர் பெட்டியில் ஏறுகிறார். பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் துப்பாக்கி வெடிக்கிறது. பிறகு பிளாட்பாரக் கக்கூசுக்குள் ஓடித் தன்னையே சுட்டுக்கொள்கிறார்.

போலீசுக்கு இதைவிட வசதியான கேஸ் அமையுமா? சுட்டவர் அங்கேயே கிடக்கிறார். சட்டைப்பையில் கடிதம். ஏன் செய்தேன், ஐந்தாம் ஜார்ஜைத் தீர்த்துக்கட்ட 3000 பேர் சபதம் எடுத்திருக்கிறோம் என்றெல்லாம் விளக்கி, கீழே கையெழுத்து: ஆர். வாஞ்சி அய்யர், செங்கோட்டை. பெயரும் ஊரும் எழுதிவைத்துவிட்டுப் போனவரை வைத்துக்கொண்டு ஷெர்லாக் ஹோம்ஸ் என்ன துப்பறிவார்? வயலின் வாசிக்கலாம். ஏட்டையா நாலு வரி எழுதிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

போகவிடாமல் கெடுத்தவர் கூட வந்த வேட்டிக்காரர். அவர் சுடவில்லை, கடிதமும் எழுதவில்லை. ஓடினார், அவ்வளவுதான். இந்தக் கதையில் மர்மம் என்று இருப்பதே அந்த ஓட்டம்தான்! அவர் யார்? எங்களுக்கு வடமேற்கே இருக்கும் ஒட்டப்பிடாரத்து மாடசாமி என்பது ஒரு கட்சி, சங்கரகிருஷ்ணன் என்பது இன்னொரு கட்சி. ஒட்டப்பிடாரம் வ.உ.சி.யின் ஊர், அவரையே சிறைக்குள் போட்டுப் பூட்டியும் அந்த ஊர்ப் பெயர் போலீசை விடவில்லை. சங்கரகிருஷ்ணன் பிடிபட்டு 4 ஆண்டு வாங்கினார். மாடசாமி கடைசிவரை யார் கையிலும் சிக்கவில்லை.

அப்புறம் சென்னை உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன்னால் விசாரணை. கூண்டில் 14 பேர். கதாநாயகன் செத்துப்போனார், மாடசாமியோ மாயம். துணைப் பாத்திரங்களை மட்டும் வைத்தே நாடகம் மாதக்கணக்கில் ஓடியது. அப்ரூவர் இருவர் வசனத்தைப் பார்த்துக்கொண்டார்கள். 1912 பிப்ரவரியில் தீர்ப்பு. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி, சம்பவத்தன்று மணியாச்சிப் பக்கமே தலைகாட்டாதவர். இருப்பதிலேயே பெரிய தண்டனை அவருக்குத்தான்: 7 ஆண்டு.