டபுள் சம்பளமா, டபுள் ஷிப்டா?

கே: டிப்பர் ஓட்டுகிறேன். வளைகுடா எண்ணெய் வயலில் லாரி ஓட்டினால் இங்கே வாங்குவதைப்போல் இரண்டு மடங்கு என்கிறார் ஏஜென்ட். கிளம்பலாமா? (மந்தாரக்குப்பம் வாசகர்)

ப: முதலில் மணிக்கணக்கால் வகுங்கள். இங்கே 8 மணி நேரம், அங்கே 12 என்றால் அந்த இரண்டு மடங்கு அப்போதே ஒன்றே கால் சொச்சமாக இளைத்துவிடும். அதில் சாப்பாடு, அறை வாடகை, பிடித்தம் எல்லாம் கழியும். இன்னொன்றையும் கேளுங்கள்: கிணற்றடியில் லோடுக்காக வரிசையில் நிற்கும் நேரத்துக்குக் காசு உண்டா? டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால், நிற்கிற நேரம் முழுக்க உங்கள் செலவு. கணக்குப் போட்ட பிறகும் மிச்சம் தெரிந்தால் தாராளமாகக் கிளம்புங்கள்.

கே: எண்ணெய் டேங்கர் ஓட்டுவதில் பெரிய ஆபத்து தீதானே? (வட்டம் 19)

ப: தூக்கம். அமெரிக்காவில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் தொழிலில் அதிக உயிரைக் குடித்தது கிணறு அல்ல, சாலை விபத்து. நம் ஊரில் 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்றது. தீயை அணைக்க வண்டியில் சிலிண்டர் இருக்கிறது. தூக்கத்தை அணைக்கத் தூக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

கே: லாரி கேபினில் ஏசி என்பது சொகுசு இல்லையா? (இந்திரா நகர்)

ப: மே மாதத்தில் விருத்தாசலம் ரோட்டில் ஒரு மதியம் ஓட்டிவிட்டு வந்து இதைக் கேளுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளுக்கு ஏசி கட்டாயம். பல வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டிய சட்டம்.

கே: சுரங்கத்தில் ஓட்டுவது மேலா, எண்ணெய் வயலில் ஓட்டுவது மேலா? (வட்டம் 4)

ப: எதிரி வேறு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைப் பெரும்பாலும் பெல்ட்தான் சுமக்கிறது. லாரிக்காரருக்குச் சோதனை மண்ணும் தண்ணீரும். படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிறது நிலத்தடி நீர். பம்ப் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத் தரை நிற்கும். ஐப்பசி மழை வந்தால் பாதையெல்லாம் களிச்சேறு.

மண் கொட்டும் விளிம்புக்கு ரிவர்ஸில் போகும் முன் இறங்கிப் பாருங்கள். பின் டயரைத் தடுக்க மண் அணை போட்டிருக்கிறதா? தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? சாய்ந்த தரையில் பாடியைத் தூக்கினால் வண்டி படுத்துவிடும். கை காட்டுகிற ஆள் கண்ணாடியில் தெரியவில்லையா, பிரேக்கில் கால் வையுங்கள். சூப்பர்வைசர் கத்துவார், கத்தட்டும்.

கே: எண்ணெய்க்குக் கடல் தாண்டணுமா? நம் பக்கத்திலேயே இருக்கிறதாமே? (சேத்தியாத்தோப்பு)

ப: இருக்கிறது. நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம் எல்லாம் ஓ.என்.ஜி.சி. தோண்டிய இடங்கள். நரிமணத்தில் 1993-ல் சுத்திகரிப்பு ஆலையே வந்தது. ஆனால் 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், புவனகிரி பக்கமும் அதில் சேர்த்தி. புதிதாகத் தோண்டத் தடை. அதனால் வேலை கொஞ்சம்தான், சோறு நிறைய. எனக்கு அதில் வருத்தமில்லை.

கே: ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. டேங்கரில் ஏறிவிடலாமா? (வடக்குத்து)

ப: முடியாது. அபாயப் பொருள் ஏற்றத் தனிப் பயிற்சி, லைசென்ஸில் தனிக் குறிப்பு, 3 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு எல்லாம் வேண்டும். ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியணும் என்று விதியே சொல்கிறது. டேங்கர் பின்னால் 1203 என்றிருந்தால் பெட்ரோல், 1267 என்றால் கச்சா எண்ணெய். விபத்தில் தீயணைப்புக்காரர் முதலில் படிப்பது அந்த எண்ணைத்தான். சேறு பூசிக்கிடந்தால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கே: எண்ணெய்க் கிணற்றில் அழுகின முட்டை நாற்றம் அடிக்குமாமே? (குறிஞ்சிப்பாடி)

ப: ஹைட்ரஜன் சல்பைடு. நாற்றம் அடிக்கும்போதே காற்றுக்கு எதிர்த் திசையில் விலகிவிடுங்கள். அளவு 100 பி.பி.எம். தாண்டினால் மூக்கு மரத்துப்போகும். வாயு போய்விட்டது என்று நினைத்து உள்ளே போகிறவர்தான் விழுகிறார். தொட்டி மூடியைத் திறந்து குனிந்து அளவு பார்ப்பதும் அதே ரகம். அமெரிக்காவில் 2010 முதல் 2014 வரை அப்படி அளவெடுத்ததில் 9 பேர் செத்தார்கள். அங்கே எமன் பெட்ரோலிய ஆவி.

கே: ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். நியாயமா? (பண்ருட்டி)

ப: சட்டப்படி உச்சவரம்பு 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. ரசீது கேளுங்கள், அவர் முகம் மாறுவதைப் பாருங்கள். அரசாங்கத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

கே: கணவர் குவைத்துக்கு டேங்கர் ஓட்டப் போகிறார். தடுக்கட்டுமா? (வடலூர் வாசகி)

ப: தடுக்க வேண்டாம், அம்மா. தாள்களை வாங்கி வையுங்கள். ஒப்பந்தம், பாஸ்போர்ட், விசா நகல்கள் உங்கள் பீரோவில் இருக்கட்டும். 'பிரவாசி பாரதிய பீமா' என்ற காப்பீட்டில் 2 வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டினால் 10 லட்சத்துக்குப் பாதுகாப்பு. வாரிசுதாரர் இடத்தில் உங்கள் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அவர் பத்தாவது பாஸ் என்றால் குடியேற்ற அனுமதி கேட்கமாட்டார்கள். சலுகைதான், ஆனால் அவர் ஒப்பந்தத்தை அரசாங்கத்தில் யாரும் புரட்டிப் பார்க்கவும் மாட்டார்கள்.

தூங்கும் இடத்தையும் விசாரியுங்கள். 2024 ஜூன் 12-ல் குவைத் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து குறைந்தது 45 இந்தியர்கள் போனார்கள். அதில் 7 பேர் தமிழர்கள். விடிகாலை, கட்டிலில் இருந்தவர்கள். அறைக்கு எத்தனை பேர், வெளியேற எத்தனை வழி? சம்பளம் கேட்கும்போதே இதையும் கேட்கச் சொல்லுங்கள்.

கே: எண்ணெய் வேலை நிரந்தரமா? (வட்டம் 27)

ப: 2020 ஏப்ரல் 20-ல் அமெரிக்க கச்சா எண்ணெயின் வருங்கால வர்த்தக விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. எண்ணெயை எடுத்துக்கொண்டு போக விற்றவரே காசு கொடுத்தார். அப்படிப்பட்ட நாளில் லாரி முதலில் நிற்கும். லாரிக் கடன் தவணை நிற்காது.

கே: லாரி டிரைவர்கள் பார்க்க வேண்டிய படம்? (திரைப்பட ரசிகர், வட்டம் 11)

ப: க்ளூஸோ இயக்கிய 1953 பிரெஞ்சுப் படம், 'பயத்தின் கூலி'. எரியும் எண்ணெய்க் கிணற்றை அணைக்க நைட்ரோகிளிசரின் ஏற்றிப்போகும் நான்கு டிரைவர்கள். மிஞ்சுகிற ஒருவன் சரக்கைச் சேர்த்து, கூலியை வாங்கி, திரும்பும் வழியில் குஷியில் வளைத்து வளைத்து ஓட்டிப் பள்ளத்தில் போகிறான். வெடிமருந்து விட்டவனைக் காலி லாரி கொன்றது.

கே: எனக்கு 19 வயசு. சித்தப்பா லாரியை ராத்திரியில் ஓட்டிப் பழகலாமா? (ஊமங்கலம்)

ப: கூடாது. வாடகை வண்டி, சரக்கு வண்டிக்கு 20 முடியணும். அதற்கு முன் இலகுரக வாகன லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஓட்டியிருக்கணும். அதை இந்த வருஷமே தொடங்கலாம். சித்தப்பாவிடம் சாவியைக் கேட்காதே, டயரில் காற்று பார்க்கவும் பிரேக் லைனில் ஒழுக்கு கண்டுபிடிக்கவும் கற்றுக்கொடுக்கச் சொல்.