மெத்தைக்கு இஸ்திரி

ஹோட்டல் கட்டிலின் ரகசியமே, இதில் இதுவரை எவனும் படுத்ததில்லை என்று வந்தவரை நம்பவைப்பதுதான். மூலக்கொத்தளத்தில் அந்த வித்தையைக் காட்டும் பொறுப்பு இப்போது என் தலையில். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்ததும், "மாச வாடகை வேணாம்பா, நாள் வாடகைக்கு விடலாம்" என்று பெங்களூரில் இருக்கும் மகன் போனிலேயே முடிவெடுத்துவிட்டான். ரிடையரான மனுஷன் சும்மாதானே இருக்கிறார் என்ற இரண்டாவது காரணத்தை அவன் அம்மாவிடம் மட்டும் சொன்னான். ஸ்பீக்கரில் சொன்னான்.

இந்த ஏரியாவில் யார் வந்து தங்குவார்கள் என்று எனக்கும் சந்தேகம்தான். ஊரறிந்த இடம் என்றால், மொழிப்போர் தியாகிகள் நடராசன், தாளமுத்து நினைவிடம் இருக்கிற மயானம். ஜனவரி 25 அன்று எல்லாக் கட்சிக்காரர்களும் மாலையோடு வருவார்கள். ஆனால் ராத்தங்க மாட்டார்கள். மற்றபடி ஸ்டான்லி ஆஸ்பத்திரி, கூப்பிட்டால் ஆட்டோக்காரர் முறைக்கிற தூரத்தில் இருக்கிறது. ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியும் பக்கம்தான். எம்.சி. ரோட்டில் கல்யாண ஜவுளி எடுக்க வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் உண்டு. ஹார்பர் வேலையாக வருகிறவர்களும் உண்டு. இவர்களை நம்பித்தான் நான் நாலு தலையணை வாங்கினேன்.

மகன் ஒரு வீடியோ அனுப்பினான். அதன்படி மெத்தைக்கு முதலில் ஒரு உறை. அதன் மேல் ஒரு ஷீட், அதற்கு மேல் இன்னொரு ஷீட், பிறகு கம்பளி, கம்பளி அழுக்காகக் கூடாது என்று மூன்றாவதாக ஒரு ஷீட். கடைசியில் கால்மாட்டில் குறுக்கே பட்டையாக ஒரு கலர் துணி. அது எதற்கு என்று விசாரித்தேன். ஷூ கழற்றாமல் சாய்கிற கனவான்களுக்காம். எங்கள் வீட்டில் ஷூவோடு வாசப்படி தாண்டினால் சாய்வதற்குக் கால் இருக்குமா என்பதை என் மாமியார்தான் முடிவு செய்வார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படி நாள் வாடகைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏர்பிஎன்பி கம்பெனி பிறந்ததே தரையில்தான். 2007இல் சான்பிரான்சிஸ்கோவில் இரண்டு பையன்கள் வாடகை கட்டப் பணமில்லாமல், ஹாலில் காற்றடைத்த மெத்தையைப் போட்டு ஆள் பிடித்தார்கள். அவர்களை யாரும் மூன்று ஷீட் கேட்கவில்லை.

மூலை மடிப்பு என்று ஒன்று இருக்கிறது. ஷீட்டின் தொங்கும் ஓரத்தை மூலையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துத் தூக்கி, முக்கோணமாக மெத்தை மேல் கிடத்த வேண்டும். கீழே மிஞ்சித் தொங்குவதைச் சொருகிவிட்டு, முக்கோணத்தை இறக்கி அதையும் சொருக வேண்டும். 45 டிகிரி பிசகக் கூடாது. உலகமெங்கும் நர்ஸுகளுக்கு இது பாலபாடம். பக்கத்து வீட்டு நர்ஸம்மா, ரிடையரானவர், பேசிக்கொண்டே நாலு மூலையையும் முடித்தார். அப்புறம் நான் போட்டதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பேஷண்ட் எழுந்து ஓடிட்டாரா?" என்றார்.

கைக்கோளாறு மட்டும் இல்லை, கணக்கிலும் கோளாறு இருந்தது. நான் வாங்கிய டபுள் பெட்ஷீட் 90க்கு 100 அங்குலம். மெத்தையின் அகலம் 72, கனம் ஆறு. இரண்டு பக்கமும் இறங்க 12 போனால், சொருகுவதற்குப் பக்கத்துக்கு மூன்று அங்குலம்தான் மிச்சம். இந்தப் பக்கம் சொருகினால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். 108க்கு 108 வாங்கியிருக்க வேண்டுமாம். 108 என்றால் அரசமரத்தைச் சுற்றுவது என்றிருந்தேன். அதுவரை நானும் கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்தது வெள்ளை. அமெரிக்காவில் வெஸ்டின் ஹோட்டல்காரர்கள் 1999இல் தலை முதல் கால் வரை வெள்ளையாக ஒரு படுக்கையைக் கொண்டுவந்தார்கள். கலர் பூப்போட்ட விரிப்பெல்லாம் அழுக்கை மறைக்கிற சூழ்ச்சி என்று அதிலிருந்து விருந்தாளிகளுக்குத் தோன்றிவிட்டது. நாமும் வெள்ளைக்கு வந்தோம். வெள்ளைக்குப் பேர்போன இடம்தானே இது. கம்பெனிக்காரன் கப்பலேற்றிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த வண்ணாரப்பேட்டை எங்களை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு நல்ல தண்ணீர் இருந்தது. எனக்கு இருப்பது போர் தண்ணீர். இரும்புச் சத்து மிக்கது. ஷீட் லேசாகப் பழுப்படித்ததும் ப்ளீச்சிங் பவுடர் போட்டேன். தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் இரும்பு, ப்ளீச் பட்டதும் துருவாகி நூலில் ஏறிக்கொள்ளும். பழுப்பு, காவியாயிற்று. காவியை மறைக்கச் சொட்டு நீலத்தைத் தாராளமாக விட்டேன். கொடியில் காய்ந்ததைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் எந்தக் கட்சி என்று கேட்டார்.

மாமியாருக்கு இதெல்லாம் திருப்தி. "வெள்ளைத் துணியை இந்த ஊர்ல எவளாச்சும் மாடில காயப்போடுவாளா மாப்ளே?" ஹார்பரில் நிலக்கரி இறக்கிய காலத்தில் துணி எடுக்கப் போனால் கரும்பொட்டு வைத்துக்கொண்டு நிற்குமாம். 2011இல் ஹைகோர்ட் உத்தரவால் நிலக்கரி எண்ணூருக்குப் போய்விட்டது என்று எடுத்துச் சொன்னேன். "கண்டெய்னர் லாரி போச்சா?" என்றார். அதற்கு உத்தரவு எதுவும் என் கைவசம் இல்லை.

கடைசியில் ஷீட்டுகளை வெளியே வெளுக்கப் போட்டு, அவை மொடமொடவென்று வந்ததும், சுருக்கம் போக விரித்த பிறகு மெத்தை மேலேயே இஸ்திரி போட்டேன். "கல்யாணத்துக்குக் கட்டினு போற வேட்டிக்குக்கூட இவ்ளோ பாத்ததில்லை" என்றாள் மனைவி. முதலில் வந்த ஜவுளிக் குடும்பத்துப் பெரியவர் ஷீட்டின் ஓரத்தை நாலு பக்கமும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நூலின் தரத்தை மெச்சுகிறார் என்று பூரித்துப்போனேன். அவர் தேடியது ரயில்வே முத்திரையை. பேசின் பிரிட்ஜில் ஏசி பெட்டிகளுக்கான ஷீட்டுகளை வெளுக்கும் ரயில்வே லாண்டரி இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "ஆள் தெரிஞ்சா எனக்கும் நாலு வாங்கிக் குடுங்க" என்றார்.

அடுத்து வந்த ஹார்பர் பையன், சொருகியதை உருவினால் கோபித்துக்கொள்வேன் என்றோ என்னவோ, எல்லாவற்றுக்கும் மேலே தன் லுங்கியை விரித்துப் படுத்துவிட்டுப் போயிருந்தான். குற்றம் சொல்ல மாட்டேன். சொருகிய ஷீட்டுக்குள் எப்படி நுழைவது என்று எனக்கே யாரும் சொல்லித் தரவில்லை.

பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி ஒரு குடும்பம் வந்தது. பச்சைப் பிள்ளை, தாய், ஆயா, இரண்டு சித்திமார். சாயங்காலம் தண்ணி கேன் வைக்க மேலே போனேன். நடு ஷீட் ஃபேன் கொக்கியில் தூளியாகத் தொங்கியது; பிள்ளை அதற்குள். ஃபேன் போட முடியாததால் என் மனைவி டேபிள் ஃபேன் கொண்டுபோய் வைத்திருந்தாள். ஷூவுக்கான கலர் பட்டை ஆயாவின் இடுப்பில். கட்டிலில் பைகள் மட்டும் படுத்திருந்தன. மனிதர்கள் எல்லோரும் கீழே.

"பாய் ஏதாச்சும் இருக்கா நைனா? கட்டுல்ல படுத்தா பச்சை உடம்புக்காரிக்கு இடுப்பு புட்சிக்கும்" என்றார் ஆயா.

இரண்டு கோரைப்பாய் எடுத்துக் கொடுத்தோம். ஐந்து ஸ்டார் போட்டுவிட்டுப் போனார்கள். மெத்தையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. பாய் நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தார்கள். மகன் உடனே விளம்பரத்தில் பாயையும் சேர்த்துவிட்டான். அதை ஹோட்டல் ஸ்டைலில் சுருட்டுவது எப்படி என்று இப்போது வீடியோ தேடிக்கொண்டிருக்கிறான்.